தெருப்பூனையின் தெள்ளும் பசியின்மையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தெருவிலிருந்து வீட்டுக்கு வந்து சேரும் பூனையிடம் பெரும்பாலும் இரண்டு தொல்லைகளைச் சேர்த்தே பார்க்கலாம். உடம்பில் தெள்ளு ஊரும். வைத்த சாப்பாடு வைத்தபடி கிடக்கும். வீட்டார் இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, தெள்ளுக்கு ஒரு கைவைத்தியமும் பசிக்கு ஒரு கிண்ணம் பாலும் என்று ஆரம்பிக்கிறார்கள். ஆனால் பல பூனைகளில் முதல் தொல்லைதான் இரண்டாவதற்கு வழிவகுக்கிறது. அதைவிட வருத்தமானது, தெள்ளை ஒழிக்கவென்று பூசிய பொருளே பூனையைச் சாப்பிடவிடாமல் செய்துவிடுவது. பூனை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன்னை நக்கிச் சுத்தம் செய்வதில் கழிக்கும் பிராணி. அதன் ரோமத்தில் தடவியது எதுவானாலும் சில மணி நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும்.

நம்பிக்கை: கண்ணுக்குப் பூச்சி தெரியவில்லை என்றால் தெள்ளு இல்லை.

தெள்ளு சுமார் 2 மில்லிமீட்டர் நீளம். பக்கவாட்டில் தட்டையான, கரும்பழுப்பு நிறப் பூச்சி. ரோமத்தை விலக்கியதும் ஓடி மறைந்துவிடும். நக்கும்போது பூனை பலவற்றை விழுங்கியும் விடுகிறது. எனவே தேட வேண்டியது பூச்சியை அல்ல, அது விட்டுச்செல்லும் கழிவை. வால் தொடங்கும் இடத்திலும் கழுத்தைச் சுற்றியும் நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரினால் மிளகுத்தூள் நிறத்தில் துணுக்குகள் உதிரும். அவற்றை ஈரப் பஞ்சின் மேல் வைத்து ஒரு நிமிடம் விட வேண்டும். வெறும் மண்ணாக இருந்தால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் கழிவாக இருந்தால் துணுக்கைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசியும். அது பூனையின் உடம்பிலிருந்து உறிஞ்சப்பட்டு, பாதி செரித்து வெளிவந்த ரத்தம்.

குட்டிகளுக்கு இந்த ரத்த இழப்பு சின்ன விஷயமல்ல. 72 பெண் தெள்ளுகள் சேர்ந்தால் ஒரு நாளில் சுமார் 1 மில்லிலிட்டர் ரத்தம் குடித்துவிடும். அரைக் கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் மொத்தமாக ஓடுவதே ஏறக்குறைய 30 மில்லிலிட்டர்தான். அந்தக் குட்டி சோர்ந்து படுப்பதையும் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காததையும் ‘புது இடம், பயம்’ என்று விட்டுவிடுவது பெரிய தவறு. உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

நம்பிக்கை: பூனையால் பிள்ளைகளின் தலையில் பேன் வரும்.

வராது. மனிதத் தலைப்பேன் மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டுமே பரவும். தெள்ளு மனிதரைக் கடிக்கும்; கணுக்காலைச் சுற்றி அரிக்கும் சிவப்புப் புள்ளிகள் அதன் அடையாளம். ஆனால் மனிதத் தலைமுடியில் அது குடியிருக்காது.

நம்பிக்கை: குளிப்பாட்டிவிட்டால் தெள்ளு போய்விடும்.

குளியலில் சில தெள்ளுகள் மூழ்கிச் சாகும். அதோடு சரி. ஒரு வீட்டில் உள்ள தெள்ளுக் கூட்டத்தில் பூனையின் மேல் இருக்கும் வளர்ந்த பூச்சிகள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டுக்குள் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டை வரை இடும். வழவழப்பான அந்த முட்டைகள் ரோமத்தில் ஒட்டாமல், பூனை படுத்த இடத்தில் எல்லாம் உதிர்கின்றன. அவற்றிலிருந்து வரும் புழுக்களுக்கு வெளிச்சம் ஆகாது. பாய் மடிப்பு, சோபா இடுக்கு, கட்டிலுக்கு அடியில் சேரும் தூசி, அட்டைப்பெட்டியில் விரித்த பழந்துணி என்று இருட்டுக்குள் ஒதுங்கி, மேலிருந்து உதிரும் ரத்தக் கழிவைத் தின்று வளர்கின்றன. தரைவிரிப்பு இல்லாத வீட்டில் தெள்ளு தங்காது என்று சிலர் நிம்மதியாக இருப்பதும் இதனால்தான் பொய்த்துப்போகிறது. சூடும் ஈரப்பதமும் உள்ள தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் முட்டை பூச்சியாக மூன்று நான்கு வாரம் போதும். அதற்கு ஓய்வு தரும் குளிர்காலமும் இங்கே கிடையாது.

கூட்டுப்புழுதான் இதில் மிகவும் பிடிவாதமானது. பிசுபிசுப்பான கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடல் சூடும் பட்டவுடன் வெளியே குதிக்கும். கூட்டுக்குள் இருக்கும்வரை மருந்தும் அதை எளிதில் எட்டாது. எனவே நல்ல மருந்து போட்ட பிறகும் சில வாரங்களுக்குப் புதுத் தெள்ளுகள் கண்ணில் படும். மருந்து பலிக்கவில்லை என்று அந்தக் கட்டத்தில் பாதியில் விடுபவர்கள் ஏராளம். வீட்டில் உள்ள எல்லாப் பூனை, நாய்களுக்கும் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து மருந்து போட வேண்டும். படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை சூடான நீரில் துவைக்க வேண்டும். பாயையும் தலையணையையும் வெயிலில் காயப்போடும் பழைய வழக்கம் இந்த விஷயத்தில் சரியானதே: சூட்டையும் வறட்சியையும் தெள்ளின் புழு தாங்காது. நிழலான கட்டிலடியைத் தினமும் பெருக்கினால்தான் அது முழுப் பலன் தரும்.

பயந்திருக்கும் தெருப்பூனையை முதல் நாளே தண்ணீரில் பிடித்து அமுக்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது கடிக்கும், பிறாண்டும். ரத்தம் வராவிட்டாலும் தோல் கீறியிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பூனைக் கடிக்கு ஊசி தேவையில்லை என்பதும் உயிரைப் பறிக்கக்கூடிய நம்பிக்கை.

நம்பிக்கை: வேப்பெண்ணெய், கற்பூரம், நீலகிரித் தைலம் எல்லாம் இயற்கை, பூனைக்கு ஒன்றும் ஆகாது.

இந்த ஒரு நம்பிக்கை பூனைகளுக்குச் செய்யும் கேடு தெள்ளு செய்யும் கேட்டைவிட அதிகமாகலாம். பல நச்சுகளைப் பாலூட்டிகளின் கல்லீரல் குளுகுரோனிக் அமிலத்துடன் இணைத்துச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது. அந்த வேலையைச் செய்யும் முக்கியமான நொதி ஒன்றின் மரபணு பூனை இனத்தில் செயலிழந்துவிட்டது. காட்டில் இறைச்சியை மட்டுமே தின்று வாழ்ந்த குடும்பத்துக்குத் தாவர நச்சுகளைச் சமாளிக்கும் தேவை குறைவு என்பது அறிஞர்கள் சொல்லும் காரணம். விளைவு என்னவென்றால், மனிதருக்கும் நாய்க்கும் சாதாரணமான பொருள் பூனையின் உடம்பில் வெளியேற வழியின்றித் தங்குகிறது. கற்பூரமும் நீலகிரித் தைலமும் பூசிய பூனைக்கு எச்சில் வடியும், நடை தள்ளாடும், உடல் நடுங்கும், சாப்பாடு இறங்காது. வேப்பெண்ணெயைச் செறிவாகப் பூசினாலும் இதே நிலை வரலாம். பினாயிலும் டெட்டால் வகைக் கிருமிநாசினியும் நாக்கையும் வாயையும் புண்ணாக்கும். அந்தப் புண்ணோடு எந்தப் பூனையும் தின்னாது. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்குவதோடு நுரையீரலையும் கெடுக்கும்.

குப்பைமேனிச் சாறு இன்னொரு கைவைத்தியம். அதன் வேரைக் கண்டால் பூனை மேலே விழுந்து புரளும் என்பது மெய். பூனைவணங்கி என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. அதனாலேயே அது பூனைக்கு மருந்து என்று ஆகிவிடாது. குப்பைமேனிக் கஞ்சி குடித்த, ஜி6பிடி என்ற நொதி குறைபாடுள்ள மனிதர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்தது இலங்கையில் பதிவாகியிருக்கிறது. பூனையின் சிவப்பணுக்கள் இயல்பிலேயே அவ்வகைச் சிதைவுக்கு எளிதில் ஆளாகுபவை. தெள்ளை விரட்ட உணவில் பூண்டு கலந்து தருவதும் இதே காரணத்தால் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே தெள்ளுக்கு ரத்தம் கொடுத்த பூனைக்கு அது இரட்டை அடி.

நம்பிக்கை: நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தில் கொஞ்சம் போட்டால் போதும்.

நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி 45 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். ஒரு சின்னக் குழாயில் மிச்சமிருக்கும் துளிகளே பூனையை வலிப்பில் தள்ளிக் கொல்லப் போதும். எறும்புச் சாக்பீஸிலும் கரப்பான் தெளிப்பானிலும் பெரும்பாலும் இருப்பவை அதே பைரெத்ராய்டு குடும்பத்துப் பொருள்கள்தான். தெரியாமல் பூசியிருந்தால், நடுக்கம் தொடங்கும்வரை காத்திராமல், பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலால் வெதுவெதுப்பான நீரில் அலசி, துண்டால் போர்த்தி, நக்கவிடாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பூனைக்கென்றே உள்ள செலமெக்டின், இமிடாகுளோபிரிட், ஃபிப்ரோனில் சொட்டு மருந்துகளை எடைக்கேற்ற அளவில், நாக்கு எட்டாத பிடரித் தோலில் இட வேண்டும். பொதுவாக எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கு இவை வேண்டாம். அவற்றுக்குச் சீப்பும், பக்கத்தில் வைத்த சோப்புத் தண்ணீரும், பொறுமையும்தான் வைத்தியம்.

நம்பிக்கை: பசித்தால் தானே சாப்பிடும்.

புது வீட்டின் பயத்தில் முதல் நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது இயல்பு. ஒதுங்க ஓர் அட்டைப்பெட்டி, அதன் பக்கத்தில் சாப்பாடு, எட்டத்தில் மணல் தட்டு, அறைக்குள் ஆள் நடமாட்டமின்மை, இவை இருந்தால் பல பூனைகள் நள்ளிரவில் எழுந்து வந்து சாப்பிட்டுவிடும். எனவே காலையில் தட்டைப் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும். முழுதாக ஒரு நாள் எதுவும் உள்ளே போகவில்லை என்றால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. குட்டிக்கு அரை நாளே அதிகம். பட்டினி கிடக்கும் பூனையின் உடம்பு சேமித்த கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். அதைக் கையாள முடியாமல் கல்லீரலே கொழுப்பால் நிறைந்து செயலிழப்பது ஹெபாடிக் லிபிடோசிஸ் எனப்படும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். எலும்பும் தோலுமாக வரும் தெருப்பூனைக்கோ கரைக்கச் சேமிப்பே இல்லை.

மூக்கடைப்பும் பட்டினிக்கு ஒரு முக்கியக் காரணம். பூனை முகர்ந்துதான் உணவை ஏற்கும். ஹெர்பீஸ், கலிசி வைரஸ்களால் வரும் சளிக்காய்ச்சலில் வாசனை தெரியாது. கலிசி வைரஸ் நாக்கில் புண்ணையும் உண்டாக்கும். மூக்கைச் சுற்றிக் காய்ந்திருப்பதை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்து, உணவைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் வைத்தால் வாசனை எழும். சர்க்கரை சேர்ப்பதில் பயனில்லை: இனிப்பை உணரும் ஏற்பி பூனைக்கு இல்லை என்பது 2005இல் மரபணு ஆய்வில் உறுதியானது. மூக்கு ஈரமாக இருக்கிறது, எனவே நோயில்லை என்பதும் சரியான கணக்கல்ல. காய்ச்சல் போலிருக்கிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலைக் கொடுப்பது எல்லாவற்றிலும் கொடியது. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொல்லப் போதுமானது.

வாயைத் திறந்து ஊட்டுவதும் நல்லதல்ல. உணவு மூச்சுக்குழலுக்குள் போகலாம். ஊட்டிய உணவின் வாசனையையே பூனை வெறுத்துவிடலாம். பசியைத் தூண்ட மிர்ட்டசபின் போன்ற மருந்துகளை மருத்துவர்கள் தருவதுண்டு. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே அவை உதவும்.

நம்பிக்கை: பாலும் தயிர்சோறும் பூனைக்குப் போதும்.

தாய்ப்பால் மறந்த பூனைக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். பசியோடு குடிக்கும், பிறகு வயிற்றுப்போக்கால் உடம்பில் இருந்த நீரும் போய்விடும். கண் திறக்காத அனாதைக் குட்டிக்கும் பசும்பால் ஈடாகாது. அதற்கெனப் பால்மாவு உண்டு. உடல் சில்லிட்டுக் கிடக்கும் குட்டியை முதலில் கதகதப்பாக்க வேண்டும். அதற்கு முன் புகட்டிய பால் செரிக்காது. புகட்டும்போதும் மல்லாத்தக் கூடாது, குப்புறவே இருக்க வேண்டும்.

சோறு வயிற்றை நிரப்பும், அவ்வளவே. டாரின் என்ற அமினோ அமிலத்தைப் பூனையால் தேவையான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது விலங்குணவில்தான் இருக்கிறது. அது குறைந்தால் விழித்திரை கெடும் என்பது 1975இல் தெரியவந்தது. இதயத் தசை தளரும் என்பதை 1987இல் டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் காட்டினர். உப்பு, வெங்காயம், மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியும் மீனும் முதல் நாள்களுக்கு ஏற்றவை. டாரின் நீரில் இறங்கிவிடும் என்பதால் வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்தே வைக்க வேண்டும். பச்சை மீனை மட்டுமே போடுவதும் ஆகாது. சில மீன்களில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐ அழிக்கும், அந்தக் குறையின் முதல் அறிகுறியே பசியின்மை. வேகவைத்தால் அது செயலிழக்கும். நாளடைவில் பூனைக்கான முழுமை உணவுக்கு மாற்றுவது பாதுகாப்பு.

நம்பிக்கை: பூச்சி மருந்து ஒரு முறை கொடுத்தால் குடல் சுத்தமாகிவிடும்.

ஆசனவாயைச் சுற்றியும் படுக்கையிலும் வெள்ளரி விதை போன்ற துண்டுகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. புதிதாக விழுந்த துண்டு மெல்ல நெளியும். இந்த நாடாப்புழு தெள்ளின் வழியாகவே வருகிறது: தெள்ளின் புழு அதன் முட்டையைத் தின்னும், வளர்ந்த தெள்ளைப் பூனை விழுங்கும். உருண்டைப் புழுவுக்குத் தரும் பைரன்டெல் இதைத் தொடாது, பிராசிகுவான்டெல் வேண்டும். தெள்ளை ஒழிக்காமல் அதைக் கொடுத்தால் சில வாரங்களில் துண்டுகள் திரும்ப வரும்.

அரசு கால்நடை மருந்தகங்களில் பூனையையும் பார்ப்பார்கள். சென்னையில் 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் சிறு பிராணிகளுக்கான பெரிய மருத்துவமனையே இருக்கிறது. வெளுத்த அல்லது மஞ்சளான ஈறு, ஓயாத வாந்தி, வாயைத் திறந்து மூச்சுவிடுதல், நடுக்கம், ஒரு நாள் முழுப் பட்டினி, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே மருத்துவரிடம் போக வேண்டும். முதல் முறை போகும்போதே எடை பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. தெள்ளு மருந்தின் அளவும் பூச்சி மருந்தின் அளவும் அந்த எடையை வைத்தே முடிவாகும். சாப்பாடு சரியாகிவிட்டதா என்பதையும் தட்டைவிடத் தராசுதான் நிச்சயமாகச் சொல்லும். பால் மறந்த குட்டி வாரத்துக்குச் சுமார் 100 கிராம் ஏற வேண்டும். வளர்ந்த பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும், தூக்காமல் ஒரு முறையும் தராசில் ஏறி நின்று கழித்தால் வீட்டிலேயே எடை தெரிந்துவிடும்.