நிலையும் பிடியும்

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் மகளிர் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றார். அவ்விளையாட்டில் இலக்கின் நடுவே அமைந்த பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டரே ஆகும். பென்சில் முனையால் வைத்த புள்ளி அளவுதான்! தகுதிச் சுற்றில் நின்றவாறே 60 முறை சுடுதல் வேண்டும்.

முதன்முறை துப்பாக்கியை ஏந்துவோர் பெரும்பாலும் இடக்கையின் வலிமையால் அதைத் தாங்க முயல்வர். முழங்கை உடலைவிட்டு விலகி நிற்கும். அதுவே தமக்கு வசதி என்றும் கூறுவர். முதற்சில குண்டுகள்வரை அது மெய்யாகவும் இருக்கலாம். பின்னர்த் தசை களைக்கும். களைத்த தசை நடுங்கும். துப்பாக்கி முனையில் தோன்றும் மயிரிழை அசைவு, இலக்கைச் சேரும்போது பன்மடங்காகப் பெருகிவிடும்.

ஆதலால் பயிற்சியாளர்கள், இடுப்பை இலக்கின் பக்கமாகச் சற்றே தள்ளி, முதுகைச் சிறிது பின்சாய்த்து, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மீதோ விலாவின் மீதோ ஊன்றச் சொல்கின்றனர். துப்பாக்கியின் எடை முன்கை எலும்பு வழியே இடுப்புக்கும், அங்கிருந்து கால்களுக்கும் இறங்குகிறது. தசைபோல் எலும்பு களைப்பதில்லை. புதியவருக்கு இந்நிலை கோணலாகவே தோன்றும். எனினும், பழகாமை வேறு, வலி வேறு. நாள்தோறும் தொடரும் முதுகுவலியைப் பயிற்சியாளரிடம் மறைத்தல் அறிவுடைமை அன்று.

எல்லாருடைய உடலும் ஒரே அளவினது அன்று. முன்கை குறுகியவர் விரல்களை உயர்த்தி அவற்றின்மேல் துப்பாக்கியை வைப்பர். நீண்டவர் உள்ளங்கையில் தாங்குவர். முட்டியாக மடக்கிய கைமேல் வைப்போரும் உளர். கன்னம் பதியும் கட்டையையும் தோளில் பொருந்தும் அடிப்பகுதியையும் அவரவர்க்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம். விருப்பத்திற்கு இடம் இங்கேதான் உண்டு.

நிலை பொருந்தியதா என அறிய ஓர் எளிய சோதனை உள்ளது. குறிபார்த்தபின் கண்களை மூடி, இரண்டு மூச்சுகள் விட்டுத் திறக்க வேண்டும். குறி விலகியிருந்தால் கையால் இழுத்துத் திருத்தாமல் பாதங்களை நகர்த்த வேண்டும். கையால் இழுத்தால் குறி இலக்கிற்கு வரும். இறுக்கமும் உடன் வரும். பிடியையும் இவ்வாறே சோதிக்கலாம்: ஒவ்வொரு பிடியிலும் 20 குண்டுகள் சுட்டு, எப்பிடியில் துளைகள் நெருங்கி விழுந்தன என்று தாளில் பார்த்தல் போதும்.

பயிற்சி

1. பொருள் எழுதுக: மயிரிழை, கோணல், ஏந்துதல், ஊன்றுதல்.
2. முழங்கையை இடுப்பில் ஊன்றுவது ஏன்?
3. நீ எழுதுகோல் பிடிக்கும் முறையை உன் நண்பரின் முறையோடு ஒப்பிட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.