ஒரே வரியில் இடதும் வலதும்: மனுவின் வரிகள் கலையாமல் இருக்க

மனு எழுதும்போது விஷயத்தை யோசித்து யோசித்து எழுதிவிடுகிறோம். படுத்துவது கடைசி இரண்டு வரிதான். இடது ஓரத்தில் 'இடம்: டி. கல்லுப்பட்டி' என்று வரணும். அதே வரியில் வலது ஓரத்தில் 'இப்படிக்கு' வரணும். அதற்குக் கீழே இடப்பக்கம் நாள், வலப்பக்கம் கையெழுத்து.

போனில் டைப் செய்யும்போது ஸ்பேஸைத் தட்டித் தட்டி 'இப்படிக்கு' என்ற சொல்லை ஓரத்துக்குத் தள்ளுகிறோம். திரையில் சரியாகத்தான் தெரியும். அதே ஃபைலை இ-சேவை மையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ திறந்தால் 'இப்படிக்கு' அடுத்த வரிக்கு இறங்கி இடது ஓரத்தில் நிற்கும். சில சமயம் கையெழுத்து வரி மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும்.

கையெழுத்து வரி கலைந்தால் பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். பட்டியல் கலைந்தால் விஷயம் வேறு. வரவேண்டிய கூலி பாக்கி என்று பதினைந்து பேர் சேர்ந்து மனு கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தொகை. ஒரு தொகை கீழே இறங்கினால் ஒருவருடைய பணம் இன்னொருவர் பெயருக்கு நேராக நிற்கும். படிக்கிற அலுவலருக்கு எது யாருடையது என்று எப்படித் தெரியும்?

ஏன் கலைகிறது?

டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்தவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். தட்டச்சுப் பொறியில் ஒரு தட்டுக்கு ஒரே அளவு இடம்தான் நகரும். அதனால் ஸ்பேஸை எண்ணி வைத்தாலே வரி நேராக நிற்கும். கணினியிலும் போனிலும் அப்படி இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு அகலம். 'ர' ஒல்லி, 'ணௌ' அதைவிடப் பல மடங்கு அகலம். நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அடுத்த கணினியில் இல்லையென்றால், அது வேறொரு எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். எழுத்தின் அகலம் மாறும், ஸ்பேஸின் அகலமும் மாறும். நீங்கள் தட்டிய முப்பது ஸ்பேஸ் வேறு இடத்தில் போய் முடியும்.

சரி, 'இப்படிக்கு' என்பதை மட்டும் செலக்ட் செய்து வலப்பக்க அலைன்மென்ட் பட்டனை அழுத்தலாமே? அழுத்திப் பாருங்கள், 'இடம்' என்பதும் சேர்ந்து வலப்பக்கம் ஓடிவிடும். அந்தப் பட்டன் ஒரு சொல்லுக்கானது அல்ல. முழுப் பத்திக்கும் உரியது. ஒரே வரியை இரண்டு விதமாக நிறுத்த வேறு வழி வேண்டும். அதற்குத்தான் டேப் நிறுத்தம் இருக்கிறது.

கணினியில்: டேப் நிறுத்தம்

டேப் நிறுத்தம் என்பது வரியில் நீங்கள் முன்கூட்டியே குறித்து வைக்கும் இடம். டேப் விசையை ஒருமுறை அழுத்தினால் கர்சர் நேராக அங்கே போய்விடும். தட்டச்சுப் பொறியிலிருந்து வந்த வசதிதான் இது. தட்டச்சுத் தேர்வில் 'ஸ்டேட்மென்ட்' போட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இரண்டு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால், எழுதுவதற்கு மீதி 15.92 செ.மீ. இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் செய்யும் முறை:

1. 'இடம்: டி. கல்லுப்பட்டி' என்று டைப் செய்யுங்கள்.
2. ஹோம் பகுதியில், பாராகிராஃப் பெட்டியின் கீழ் மூலையில் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் 'டேப்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. இடம் என்று கேட்கும் கட்டத்தில் 15.92 செ.மீ. என்று கொடுத்து, 'ரைட்' என்பதைத் தேர்ந்து, 'செட்', பிறகு 'ஓகே' கொடுங்கள்.
4. இப்போது டேப் விசையை ஒரே ஒருமுறை அழுத்தி 'இப்படிக்கு' என்று எழுதுங்கள். சொல் வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.
5. என்டர் தட்டினால் இதே அமைப்பு அடுத்த வரிக்கும் வரும். நாளையும் கையெழுத்துக்குக் கீழே வரும் பெயரையும் இதேபோல் எழுதலாம்.

நடுவிலும் ஒன்று வேண்டுமென்றால் 7.96 செ.மீ. இடத்தில் 'சென்டர்' நிறுத்தம் ஒன்றைச் சேருங்கள். அப்போது ஒரே வரியில் இடது, நடு, வலது மூன்றும் நிற்கும். லிப்ரே ஆஃபீஸில் 'ஃபார்மட்', 'பாராகிராஃப்', 'டேப்ஸ்' என்று போனால் இதே வசதி கிடைக்கும். கூகுள் டாக்ஸில் மேலே தெரியும் அளவுகோலில் வலது ஓரத்துக்குப் பக்கத்தில் கிளிக் செய்து, வலப்பக்க டேப் நிறுத்தத்தைச் சேர்க்கலாம்.

போனில்: கோடு இல்லாத அட்டவணை

போன் கீபோர்டில் பெரும்பாலும் டேப் விசையே இருக்காது. கவலை வேண்டாம். வேர்டு செயலியில் ஒரு அட்டவணையைச் சேருங்கள்: இரண்டு பத்தி, இரண்டு வரிசை. இடப்பக்கக் கட்டங்களில் இடமும் நாளும். வலப்பக்கக் கட்டங்களில் 'இப்படிக்கு' என்பதும் உங்கள் பெயரும். வலப்பக்கக் கட்டங்களுக்கு மட்டும் வலது அலைன்மென்ட் கொடுங்கள். கடைசியில் அட்டவணையின் கோடுகளை நீக்கிவிடுங்கள். தாளில் கோடு தெரியாது. எழுத்து மட்டும் நிற்கும்.

இன்னொரு வழியும் உண்டு. ஒருமுறை கணினியில் டேப் நிறுத்தம் வைத்து ஒரு மாதிரி மனுவைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் அதை நகலெடுத்து, விஷயத்தையும் நாளையும் மட்டும் போனில் மாற்றினால் போதும்.

தொகைப் பட்டியலுக்கு

காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். முதலில் அவர் கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருந்தவர். கணக்கு நோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தொகைக்கென்று தனிப் பத்தி ஒன்று இருக்கும். ஒன்றுக்கு நேர் ஒன்று, பத்துக்கு நேர் பத்து என்று எண்கள் நிற்கும். நம் பட்டியலிலும் அதுதான் தேவை. வேர்டிலும் லிப்ரே ஆஃபீஸிலும் 'டெசிமல்' என்றொரு டேப் நிறுத்தம் உண்டு. அதை வைத்தால் 1,250.50, 85.00, 9,600.00 என எந்தத் தொகையானாலும் புள்ளிக்கு நேர் புள்ளி நிற்கும். பட்டியல் நீளமென்றால் கோடு போட்ட அட்டவணையே நல்லது. யாருடைய தொகை எது என்ற குழப்பத்துக்கு இடமிருக்காது.

ஊர்ப் பெயர் உடையாமல்

டி. கல்லுப்பட்டிக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வரி முடியும் இடத்தில் 'டி.' மேலே நின்று, 'கல்லுப்பட்டி' கீழே போய்விடும். புள்ளிக்கு அடுத்துச் சாதாரண ஸ்பேஸுக்குப் பதிலாக கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வேர்டிலும் லிப்ரே ஆஃபீஸிலும் இது வேலை செய்யும். இரண்டும் பிரியாமல் ஒன்றாகவே நகரும். பெயருக்கு முன் இனிஷியல் போடுபவர்களுக்கும் இதே வழிதான்.

அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

• வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 அழுத்துங்கள். ஸ்பேஸ் புள்ளியாகவும் டேப் அம்புக்குறியாகவும் தெரியும். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அழித்துவிட்டு ஒரு டேப் வையுங்கள்.
• வரிசையாக நான்கைந்து டேப் தட்டுவதும் ஸ்பேஸ் தட்டுவது மாதிரிதான். ஒரு நிறுத்தம், ஒரு டேப் என்று இருக்கட்டும்.
• பிரிண்டுக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்புங்கள். எழுத்துருவும் இடமும் நீங்கள் வைத்தபடியே இருக்கும்.
• வாட்ஸ்அப் செய்தியாகவே மனுவை டைப் செய்து அனுப்ப வேண்டாம். அதில் டேப் நிறுத்தம் கிடையாது.

பேரையூர் வட்டாட்சியர் அலுவலகமோ, மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டமோ, எங்கே கொடுப்பதாக இருந்தாலும் பிரிண்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பெயருக்கு நேராகத் தொகை, இடத்துக்கு நேராக 'இப்படிக்கு' இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளவும், கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கவும் மறந்துவிடாதீர்கள்.