‘டோப்’ என்றொரு சொல்

மடுகரையில் தோப்பு என்றால் சிறு பிள்ளைக்கும் விளங்கும். தமிழும் தெலுங்கும் தந்த அச்சொல்லே பழைய ஆங்கிலத்தில் ‘டோப்’ ஆயிற்று. 1799இல் சீரங்கப்பட்டண முற்றுகையின்போது, பின்னாளில் வெலிங்டன் கோமகனான வெல்லெஸ்லி இரவில் தாக்கித் தோற்றுத் திரும்பியது சுல்தான்பேட்டை டோப்பில்தான்.

அகராதியைப் புரட்டினாலோ தலை சுற்றும்! பௌத்தத் தூபியும் டோப். 1854இல் கன்னிங்காம் வெளியிட்ட நூலின் பெயரே ‘பில்சா டோப்ஸ்’. ஒருவகைச் சிறு சுறாவும் டோப். வினையாக வந்தால் மிதமிஞ்சிக் குடித்தல்! எழுத்து ஒன்று, பிறப்பு வேறு வேறு.

மாணவப் பருவத்தில், படை டோப்பில் தங்கியது என்ற வரியைப் ‘படை குடித்துக் கிடந்தது’ என மொழிபெயர்த்து மதிப்பெண் இழந்தவன் நான். தோப்புக்கு நடுவே வளர்ந்தவனுக்கு அது தோப்பென்று தெரியவில்லை.