பெரம்பலூர், அரியலூர் மண் வந்த வழி

ஆலத்தூர் வட்டத்தில் காரை, சாத்தனூர் ஓடைக்கரைகளில் சிப்பியும் நத்தை போல் சுருண்ட கற்களும் கிடப்பதை விவசாயப் பெருமக்கள் பலர் பார்த்திருப்பீர்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரமும் அந்தக் கடலில் புதைந்ததுதான். 1940-ல் புவியியல் அறிஞர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார்.

கடலடியில் மடிந்த உயிர்களின் ஓடுகள் இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் பெருகியது அதனால்தான். ஆலைக்கு லாபமான அதே சுண்ணாம்பு, வயலில் மிகுந்தால் தொல்லை. நாம் காசு கொடுத்து வாங்கி இடும் மணிச்சத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். துத்தநாகமும் இரும்பும் வேருக்கு எட்டா. மக்காச்சோளக் குருத்து வெளுப்பதும், நிலக்கடலையின் இளம் இலை மஞ்சளாவதும் பெரும்பாலும் இதன் அறிகுறிகளே. அதைத் தழைச்சத்துக் குறை என்று எண்ணி மேலும் மேலும் யூரியா தூவுவது வீண் செலவு.

மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து விதைப்பின்போது இடலாம். சூப்பர் பாஸ்பேட்டுடன் சேர்த்துக் கலக்கக் கூடாது. கடலை மஞ்சளித்தால் 10 லிட்டர் நீருக்கு 100 கிராம் அன்னபேதி உப்பு கரைத்து, விதைத்த 30, 40, 50-ம் நாட்களில் தெளிக்க வேண்டும்.

எல்லா ஊருக்கும் இந்த யோசனை பொருந்தாது. மேற்கே பச்சைமலை அடிவாரம் கடல் எட்டாத பழம்பாறை. கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் பின்னாளில் படிந்த மணற்கல் மேல் அமைந்த செம்மண். சுண்ணாம்பு குறைவு, முந்திரி செழிக்கிறது. தெற்கே திருமானூர் கொள்ளிடக்கரை வண்டல், நெல்லுக்கு ஏற்றது. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூரும், பின்னர் 2007-ல் அதிலிருந்து அரியலூரும் தனி மாவட்டங்களாயின. காகிதத்தில் போட்ட அந்தக் கோடு மண்ணுக்குத் தெரியாது!

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் ஓடினாலும் நடுவிலுள்ள மேட்டு நிலத்துக்கு மழையே கதி. 11-ம் நூற்றாண்டில் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய ராஜேந்திர சோழனும் சோழகங்கம் என்ற பேரேரியை அமைக்க வேண்டியிருந்தது. இன்று பொன்னேரி என்கிறோம்.

கோடையில் ஏரி வண்டல் அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செம்மண் மேட்டுக்கு வண்டல் நல்ல மருந்து. ஆனால் வண்டலில் சுக்கான் கல் தென்பட்டால், அதில் ஒரு கிலோவை நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, சுண்ணாம்பின் அளவைத் தெரிந்துகொண்ட பிறகே வண்டி கட்டுங்கள்.