ஏரிக்குத் தண்ணி வரும் வழி



2015 டிசம்பரில் நம் மாவட்டத்தில் தெருவெல்லாம் வெள்ளம். கோடையில் பார்த்தால் கிணறு வற்றிக் கிடக்கிறது. செவ்வாப்பேட்டை பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில், ஏரிக்குக் கீழே நெல் வைத்திருக்கும் ஒரு அக்கா, "இவ்வளவு மழை பெய்யுது, ஏரி மட்டும் ஏன் நிறையல?" என்று கேட்டார். தூர் வார மனு கொடுக்கலாம் என்றேன். அவசரப்பட்டுவிட்டேன். வரத்துக்கால்வாய் அடைபட்டிருந்தால் எவ்வளவு தோண்டினாலும் தண்ணி ரோட்டுக்கும் வீட்டுக்கும்தான் போகும்.

ஆகவே விவசாயிகளோடு திட்டம் போடுவதற்கு முன், மழை விட்டதும் சேர்ந்து நடந்து பாருங்கள். எந்த மேட்டிலிருந்து தண்ணி இறங்குது, எங்கே மண்ணை அரிக்குது, எந்த இடத்தில் கால்வாய் மேல் மனை போட்டிருக்காங்க என்று நோட்டில் படம் வரையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்தோடு ஒப்பிட்டால் காணாமல்போன கால்வாய் தெரிந்துவிடும்.

மேட்டு நிலத்துக்காரர் வரப்பை உயர்த்தினால் மண்ணும் உரமும் பெரும்பாலும் அவர் நிலத்திலேயே தங்கும். கால்வாய் ஏரியில் சேரும் இடத்துக் கோரையை அடியோடு வெட்டாதீர்கள். ஓடிவரும் வண்டலை அதுதான் தடுக்கிறது. (ஆகாயத்தாமரை வேறு, அதை அள்ளிவிடலாம்.) ஏரி வண்டலை வயலுக்கு எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். கலங்கலை மட்டும் யாரும் உயர்த்தக் கூடாது, கரைக்கே ஆபத்து.

யாரிடம் போவது? ஆயக்கட்டு சுமார் 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். மார்ச் 22 உலக தண்ணீர் தினக் கிராம சபையில் படத்தை வைத்துத் தீர்மானம் கேளுங்கள். தீர்மானத்தை நோட்டில் எழுதி வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.