மின்னஞ்சலில் பெறுநரின் பெயர் பொருத்தப்படும் முறை

மின்னஞ்சல் அனுப்பும்போது பெறுநரின் முழு முகவரியையும் நாம் எப்போதும் தட்டச்சுச் செய்வதில்லை. பெறுநர் பெட்டியில் "சிவ" என இட்டவுடனேயே சிவகுமார், சிவதர்சினி, சிவனேசன் எனப் பெயர்ப் பட்டியலொன்று கீழே விரிகின்றது. இது தன்னியக்க நிறைவு எனப்படும். இப்பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் நோக்குவோம்.

உலகிலுள்ள மின்னஞ்சற் பயனர்கள் அனைவரிடையேயும் தேடியே பட்டியல் பெறப்படுகின்றது என எண்ணிவிடாதீர்கள். நீங்களாகவே பதிவு செய்த முகவரிப் புத்தகம் ஒரு மூலம். நீங்கள் முன்னர் மடல் அனுப்பிய முகவரிகளை மென்பொருள் தானாகவே குறித்து வைத்திருப்பது இன்னொரு மூலம். தண்டர்பேர்ட் மென்பொருள் இவற்றைச் "சேகரிக்கப்பட்ட முகவரிகள்" என்னும் தனிப் புத்தகத்தில் இடுகின்றது. அவுட்லுக்கும் இத்தகைய பட்டியலொன்றை முகவரிப் புத்தகத்துக்குப் புறம்பாகப் பேணுகின்றது. இவ்விரண்டும் வேறுவேறானவை என்பதைக் கவனத்திற் கொள்க. நிறுவனங்களில் சேவையகத்தில் உள்ள பொதுப் பட்டியலும் சேர்ந்துகொள்ளும்.

பொருத்துதல் என்பது எழுத்துக் குறியீடுகளை ஒப்பிடுவதே. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இங்கு பொருட்படுத்தப்படுவதில்லை. சில மென்பொருள்கள் சொல்லின் தொடக்கத்தை மட்டுமே ஒப்பிடும். அவற்றில் "குமார்" என இட்டால் சிவகுமார் அகப்படமாட்டார். சொல்லின் எப்பகுதியையும் ஒப்பிடும் மென்பொருளில் அவர் அகப்படுவார். கூடவே விஜயகுமாரும் வருவார்.

நம் பெயர்களுக்கு உரிய சிக்கலொன்றும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பெயர் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினியில் ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளாகவே சேமிக்கப்படும். அப்பெயரை யுனிகோட்டில் தட்டச்சுச் செய்து தேடினால் கிடைக்காது. இரண்டும் ஒரே பெயர் என நமக்குத்தான் தெரியும், கணினிக்குத் தெரியாது.

பட்டியலின் வரிசை பெரும்பாலும் அகரவரிசையன்று. அடிக்கடி அல்லது அண்மையில் மடல் பெற்றவரே மேலே நிற்பார். சிவதர்சினிக்குப் பத்து மடல்கள் அனுப்பிய ஒருவர், சிவகுமாரை எண்ணியவாறு "சிவ" என இட்டு உடனே என்டர் விசையை அழுத்தினால் மடல் சிவதர்சினிக்கே போய்ச்சேரும். மென்பொருளைப் பொறுத்தவரை இதில் பிழை எதுவும் இல்லை.

இத்தகைய தவறு ஓர் அரசாங்கத்துக்கே நேர்ந்துள்ளது. 2014 நவம்பரில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜி20 உச்சிமாநாடு நடைபெறவிருந்தது. அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்கள அலுவலர் ஒருவர் 31 உலகத் தலைவர்களின் பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் முதலியன அடங்கிய மடலை அனுப்பினார். அவுட்லுக் தானாக நிரப்பிய பெறுநரை அவர் சரிபார்க்கவில்லை. மடல் ஆசியக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியின் ஏற்பாட்டுக் குழுவைச் சேர்ந்த ஒருவருக்குச் சென்றது. ஒபாமா, புட்டின், மோடி ஆகியோரின் விபரங்களும் அதில் இருந்தன.

அவுட்லுக்கில் பெயரை இட்டபின் கன்ட்ரோல் விசையுடன் கே விசையை அழுத்தினால் பெயர் சரிபார்க்கப்படும். ஒரேயொரு பதிவு பொருந்தினால் பெயர் அடிக்கோடிடப்படும். பல பதிவுகள் பொருந்தினால் ஒன்றைத் தெரிவு செய்யுமாறு கேட்கும். ஆயினும் அடிக்கோடு கண்டதும் நீங்கள் கருதிய ஆள் அவரே என முடிவு செய்ய வேண்டாம். முகவரியில் @ குறியீட்டுக்குப் பின்னுள்ள ஆள்களப் பெயரையும் வாசித்துப் பாருங்கள்.

பயிற்சி வினா

எழுதுவினைஞர் ஒருவர் முகவரிப் புத்தகத்திலிருந்து கமலாவின் பழைய முகவரியை நீக்கினார். மறுநாள் "கம" என இட்டபோது அதே முகவரி மீண்டும் தோன்றியது. காரணம் யாது? அவர் செய்ய வேண்டியது யாது?

விடைக் குறிப்பு: முன்னர் அனுப்பிய முகவரிகளின் பட்டியலில் அது இன்னும் உள்ளது. அப்பட்டியலிலிருந்தும் அதனை நீக்க வேண்டும். ("கணினி பழுது" என எழுதினால் புள்ளி இல்லை.)