ஆர்டருக்கு ஆர்டர் அனுமதி

எங்கள் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் வெப் அப்ளிகேஷனில் சாயப்பட்டறை, பிரிண்டிங் யூனிட்காரர்களுக்கும் லாகின் கொடுக்க நினைக்கிறோம். ஒருவரின் ஆர்டரை இன்னொருவர் பார்த்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், அவிநாசி

தைரியமாகக் கொடுங்கள். ஆனால் ‘சாயப்பட்டறை’ என்று பொதுவாக அனுமதி கொடுத்தால், எல்லாப் பட்டறைகளும் எல்லா ஆர்டரையும் பார்க்கும். எந்த யூனிட், எந்த ஆர்டர், பார்க்க மட்டுமா, திருத்தவுமா என்று பதிய டேட்டாபேஸில் தனி டேபிள் போடச் சொல்லுங்கள். துணி அனுப்ப டி.சி. (டெலிவரி சலான்) போடும்போதே அந்த டேபிளில் ஒரு வரி தானாக விழ வேண்டும். சரக்கு திரும்பிக் கணக்கு முடிந்ததும் அந்த அனுமதி நீங்கிவிட வேண்டும். ஆள் வைத்து டிக் அடிக்கும் ஏற்பாடு சீசன் நேரத்தில் நிச்சயம் தவறிப்போகும்.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். பட்டறை லாகினில் ஒரு ஆர்டரைத் திறந்து, பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஆர்டர் எண் 1041 என்றிருப்பதை 1042 ஆக்குங்கள். அடுத்தவர் ஆர்டர் திறந்தால், உங்கள் சாஃப்ட்வேர் மெனுவைத்தான் மறைக்கிறது, தகவலை அல்ல. இப்படிப்பட்ட அனுமதிக் குறைபாட்டை ‘ஓவாஸ்ப்’ அமைப்பு வெப் அப்ளிகேஷன் பாதுகாப்பு ஆபத்துகளின் 2021 பட்டியலில் முதலிடத்தில் வைத்தது. ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வரே சரிபார்க்க வேண்டும். எக்செல் டவுன்லோடும் இதில் சேர்த்தி.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பயன்படுத்தினால், 9.5 பதிப்பு முதலே அதில் வரிவாரிப் பாதுகாப்பு (ரோ லெவல் செக்யூரிட்டி) உண்டு. டேபிளின் உரிமையாளர் கணக்கில் அப்ளிகேஷன் இணைந்தால் வழக்கமாக அது செயல்படாது. அப்ளிகேஷனுக்குத் தனிக் கணக்கு கேளுங்கள்.

பட்டறைக்கு ஷேடு, ஜி.எஸ்.எம்., கிலோ போதும். பையர் விலை அந்தத் திரைக்கே போகக் கூடாது.